ஜானகி ஆதி நாகப்பன் அம்மையாரும் தோட்டத்துப் பெண்களும்

2014ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு தமிழ் நாளிதழைக் காட்டினேன். முதிய அம்மையார் ஒருவர் மறைந்த செய்தி அதில் வந்திருந்தது. அவருடைய முதுமைப் படத்தின் பக்கத்திலே இன்னொரு படமும் இருந்தது. இராணுவ உடை தரித்து, தலையில் தொப்பி அணிந்து நிமிர்ந்து நிற்கும் ஓர் இளம்பெண்ணின் படம் அது. "இரண்டு படத்திலும் இருப்பவர் ஒருவர்தாம்" என்று சொன்னேன். பிள்ளைகளால் நம்ப முடியவில்லை. புடவை கட்டிய பாட்டி துப்பாக்கி பிடித்தாரா என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: "டீச்சர், இவங்க நம்ம தோட்டத்து ஆளா?"

"இல்லையம்மா, வசதியான குடும்பத்தில் பிறந்தவர்" என்று சொல்லிவிட்டு நான் பாடத்திற்குப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்னது பொய்யன்று. அதே வேளையில் அது முழு விடையும் அன்று. மீதி விடையைச் சொல்வதற்காகவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன். செய்தித்தாளில் இருந்த அந்த அம்மையாரின் பெயர் ஜானகி ஆதி நாகப்பன். 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் பிறந்து, 2014ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், தமது 89ஆம் வயதில் மறைந்தவர்.

நேயர்களே, ஜானகி அம்மையாரின் கதையைத் தொடங்குமுன் நம் மலாக்காவைச் சற்றே நினைத்துக்கொள்வோம். இந்நாட்டில் வாணிபத்திற்கென்று இரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் எங்கே தோன்றியது தெரியுமா? நம் மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். அதன் பின்னர் புக்கிட் அசாகானிலே பெருந்தோட்டம் எழுந்தது. தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, லயங்களில் குடியிருந்து பிள்ளைகளை வளர்த்தார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர் என்றால் தோட்டம், உலகம் என்றால் தோட்டத்தைச் சுற்றியுள்ள ஐந்தாறு கல் தொலைவு. பெண் பிள்ளை என்றாலோ அந்த உலகம் இன்னும் சிறியது: லயத்து வாசல், தண்ணீர்க்குழாய், ஆயாக்கொட்டகை, பால்காடு.

அந்தச் சிறிய உலகத்தைப் போர் வந்து உடைத்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி நடுவில் மலாக்கா அவர்கள் கைக்குப் போயிற்று. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. தோட்டத் துரைமார்கள் ஓடிவிட்டனர். இரப்பருக்கு விற்பனை இல்லை. தோட்டத்து மக்களுக்குக் கூலி இல்லை. அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. துணி இல்லாமல் கோணிச்சாக்கை உடுத்தியவர்கள் உண்டு.

அக்காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஓர் இரயில் பாதை இருந்தது. இன்று புலாவ் செபாங்கில் இரயிலிலிருந்து இறங்குகின்ற நாம் மலாக்காவுக்குப் பேருந்தோ காரோ பிடிக்க வேண்டியிருக்கிறதே, அதற்குக் காரணம் என்ன? ஜப்பானியர் அந்தப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தை மட்டுமா கொண்டுபோனார்கள்? மனிதர்களையும் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை 1942, 1943ஆம் ஆண்டுகளில் போட்டு முடிக்க மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் அங்கேயே மாண்டார்கள். என் பாட்டியின் தந்தையாரும் அவர்களில் ஒருவர். ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து லாரியில் ஏறிப் போனவர் திரும்பி வரவேயில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான், 1943ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். நம் மக்கள் அவரை நேதாஜி என்றே அழைத்தார்கள். இந்திய விடுதலைக்காக இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்ற அவர், அதே மாதம் 9ஆம் நாள் சிங்கப்பூர்த் திடலில் திரண்டிருந்த பெருங்கூட்டத்தில் எவரும் எதிர்பாராத ஓர் அறிவிப்பைச் செய்தார். ஆண்களைப் போலவே பெண்களும் ஆயுதம் ஏந்தும் படை ஒன்று வேண்டும் என்பதே அது. 1858ஆம் ஆண்டு வெள்ளையரை எதிர்த்துப் போர்க்களத்தில் உயிர்விட்ட ஜான்சி அரசி இலட்சுமிபாயின் பெயரை அந்தப் படைக்குச் சூட்டினார். படையின் தலைமையை ஏற்றவர் சென்னையில் பிறந்து, சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த இலட்சுமி சுவாமிநாதன். அவரே பின்னாளில் கேப்டன் இலட்சுமி என்று புகழ்பெற்றார்.

நேதாஜி கோலாலம்பூரில் பேசியபோது அதைக் கேட்கச் சென்றவர்களில் ஜானகியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 18. விடுதலைப் போருக்கு உங்களால் இயன்றதைக் கொடுங்கள் என்று நேதாஜி கேட்டதும், ஜானகி தம் காதிலிருந்த தங்கத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அக்காலத்தில் மணமாகாத ஒரு தமிழ்ப் பெண் வெறுங்காதோடு வீடு திரும்புவது என்றால் சிறிய காரியமா? ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. நானும் படையில் சேரப்போகிறேன் என்றார்.

வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தந்தையார் ஒப்பவேயில்லை. செல்வமாக வளர்த்த பெண்ணைத் துப்பாக்கி தூக்க அனுப்ப எந்தத் தகப்பனுக்குத்தான் மனம் வரும்? அந்தத் தந்தையைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஜானகி அழுது அடம்பிடித்துவிட்டு அடங்கிப்போகிற பெண்ணாக இருக்கவில்லை. வீட்டை விட்டு இரவோடிரவாக ஓடிவிடவும் இல்லை. கேப்டன் இலட்சுமியையே வீட்டிற்கு அழைத்து வந்து தந்தையாரோடு பேசவைத்தார். பல முறை எடுத்துச் சொன்ன பிறகு தந்தையார் இணங்கினார். துணிச்சல் என்பது கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். எதிர்ப்பவரோடு பொறுமையாகப் பேசி அவர் மனத்தை மாற்றுவதும் துணிச்சலே. ஜானகி அம்மையார் வென்ற முதல் போர், அவருடைய வீட்டிலே நடந்த போர்தான்.

1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் பெண்களுக்கான பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. விடியற்காலையில் எழ வேண்டும். அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, கையெறி குண்டு வீசும் பயிற்சி, முதுகிலே சுமையேற்றிக்கொண்டு நெடுந்தூர நடை என்று நாள் முழுதும் ஓய்வில்லை. கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானி மொழியில். பாலும் பழமுமாக வளர்ந்த ஜானகிக்கு முகாம் உணவு தொண்டைக்குள் இறங்கவில்லை. தொடக்கத்தில் அழுதார். ஆனால் திரும்பிப் போகவில்லை. மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார், தேறி அதிகாரியானார், பின்பு படையின் இரண்டாம் நிலைத் தலைவர் என்னும் பொறுப்புக்கு உயர்ந்தார்.

நேயர்களே, இப்பொழுதுதான் அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். ஜானகி அம்மையாரோடு அந்த முகாமில் பல நூறு பெண்கள் இருந்தார்கள். ஆசிரியைகளும் படித்த குடும்பத்துப் பெண்களும் அவர்களில் உண்டு. ஆனால் பெரும் பகுதியினர் யார்? இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள்! பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கி தூக்கின. இந்திய மண்ணை ஒருநாளும் கண்ணால் கண்டிராதவர்கள் அந்த மண்ணின் விடுதலைக்கென்று புறப்பட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் வந்த பலர் அங்கேதான் எழுத்துக் கற்றார்கள். செல்வ வீட்டுப் பெண்ணுக்கு முகாம் உணவு கடினமாயிருந்தது. தோட்டத்துப் பெண்ணுக்கோ மூன்று வேளை உணவு என்பதே புதுமையாயிருந்தது. இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள், ஒரே தட்டில் உண்டார்கள். அதுவரை ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்திராதவர்கள் ஒருவருக்கொருவர் தோழியரானார்கள்.

எல்லாரும் நாட்டுப்பற்றால் மட்டுமே சேர்ந்தார்கள் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பட்டினிக்குத் தப்பிச் சேர்ந்தவர்கள் உண்டு. சயாமுக்குப் பிடித்துப் போய்விடுவார்களோ என்ற அச்சத்தினால் தங்கள் பெண்களைச் சேர்த்துவிட்டவர்களும் உண்டு. இங்கே கசப்பான ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஆண்களைச் சயாமுக்கு இழுத்துச் சென்று சாகவிட்ட அதே ஜப்பானியரின் துணையோடுதான் நேதாஜியின் படையும் நடந்தது. ஒரே தோட்டத்தில் ஒரு குடும்பம் தந்தையை இழந்து அழுதது. இன்னொரு குடும்பம் "ஜெய் ஹிந்த்" என்று முழங்கியது. சில வீடுகளில் இரண்டும் ஒன்றாகவே நடந்தன. வரலாறு என்பது நல்லவர் ஒரு பக்கமும் கெட்டவர் மறு பக்கமுமாக வகுத்துவைத்த பாடப்புத்தகம் அன்று. நம் முன்னோர் அந்தச் சிக்கலின் நடுவிலேதான் வாழ்ந்து முடிவெடுத்தார்கள்.

எங்கள் வீடும் அப்படிப்பட்டதுதான். தந்தையைச் சயாமுக்குப் பறிகொடுத்த என் பாட்டிக்கு அப்போது 17 வயது. விடுதலைப் படைக்கு நிதி கேட்டுத் தோட்டத்திற்கு ஆட்கள் வந்தபோது, தம்மிடம் இருந்த ஒரே நகையான கம்மலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். தாமும் படைக்குப் போக நினைத்தாராம். கீழே மூன்று சிறு பிள்ளைகளை வைத்திருந்த தாயார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததால் நின்றுவிட்டார். "கம்மலக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க. பேரு என்னன்னு யாரும் கேக்கல" என்று பாட்டி சொல்லிச் சிரிப்பார். "ஆனா மேட்டு லயத்துல ஒருத்தி போனா. அவ தைரியம் எனக்கு வரல" என்றும் சொல்வார்.

மேட்டு லயத்திலிருந்து போன அந்தப் பெண் யார்? அவள் பெயர் என்ன? திரும்பி வந்தாளா? நான் கேட்கவில்லை. அப்போது நான் சிறுமி; கதை கேட்கும் ஆசைதான் இருந்தது, பெயரைக் குறித்துவைக்கும் அறிவு இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வரலாறு படிக்கும்போது எனக்குத் திடீரென்று நினைவு வந்தது. அடுத்த விடுமுறைக்குப் போய்க் கேட்கலாம் என்று இருந்தேன். அந்த விடுமுறைக்கு முன்பே பாட்டி காலமாகிவிட்டார்.

இனி பர்மாவுக்குச் செல்வோம். 1944ஆம் ஆண்டு நேதாஜியின் தலைமையகம் ரங்கூனுக்கு மாறியது. ஜான்சி ராணிப் படையின் பெண்களும் பர்மாவுக்குச் சென்றார்கள். எந்தப் பாதை வழியாகப் போனார்கள் என்று எண்ணுகிறீர்கள்? நம்மவர் உயிர்கொடுத்துப் போட்ட அந்தச் சயாம் பாதை வழியாகத்தான். தங்கள் தகப்பன்மாரும் அண்ணன்மாரும் புதைந்து கிடந்த மண்ணின்மேல் அந்தப் பெண்கள் இரயிலேறிப் போனார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

போர்முனைக்குச் சென்று போரிட வேண்டும் என்பதே அவர்களது ஆசை. ஆனால் 1944ஆம் ஆண்டில் இம்பாலை நோக்கிய படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. பசியாலும் நோயாலும் நொந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் பின்வாங்கி வந்தார்கள். துப்பாக்கி பிடிக்கப் பயின்ற பெண்கள் புண்ணுக்குக் கட்டுப்போட வேண்டியதாயிற்று. பெண்கள் பலர் மருத்துவமனைகளிலே காயம்பட்டோரைப் பேணினார்கள். அந்த நாட்களில் ரங்கூன் முகாமிலிருந்த பெண்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜானகி. அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

1945 ஏப்ரலில் ஆங்கிலேயப் படை ரங்கூனை நெருங்கியது. முன்னதாக இரயிலில் புறப்பட்ட பெண்கள் கூட்டம் ஒன்று வழியிலே தாக்கப்பட்டு, ஸ்டெல்லா, ஜோசஃபின் என்னும் இரு இளம்பெண்கள் உயிரிழந்தார்கள். ஏப்ரல் 24ஆம் நாள் இரவு நேதாஜியும் அவருடன் ஏறத்தாழ நூறு பெண்களும் ரங்கூனை விட்டுப் புறப்பட்டார்கள். பெண்களின் அணிக்குத் தலைவி ஜானகி. பெண்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் முன்னே செல்ல நேதாஜி மறுத்துவிட்டார். பகலில் விமானங்கள் வட்டமிட்டுச் சுடும். ஆகவே பகலெல்லாம் மரங்களின் மறைவில் பதுங்கிக் கிடந்து, இரவெல்லாம் நடந்தார்கள். சேற்று வழியில் வண்டிகள் சிக்கிக்கொண்டன. ஆறுகளைக் கடந்தார்கள். சித்தாங் ஆற்றையும் தாண்டி மௌல்மேனை அடைந்து, அங்கிருந்து பாங்காக் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று வாரங்கள் பிடித்தன. கால்கள் கொப்புளித்தன, சப்பாத்துகள் கிழிந்தன. ஆனால் அணி குலையவில்லை. அந்த அணியைக் குலையாமல் கொண்டுவந்து சேர்த்தவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் முகாமில் உணவு இறங்காமல் அழுத அதே பெண்தான்.

1945 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. படை கலைந்தது. பெண்கள் ஊர் திரும்பினார்கள். ஆயிரம் கதைகளில் இந்த இடத்தில் திரை விழுந்துவிடும். உண்மையான வாழ்க்கையில் அப்படி இல்லை. போர் முடிந்தபோது ஜானகிக்கு வயது 20. அதற்குப் பின் இன்னும் 69 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த 69 ஆண்டுகளை என்ன செய்தார் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

போருக்குப் பிந்திய தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். சயாம் போனவர் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த விதவைகள், பெற்றோரில்லாப் பிள்ளைகள், மலேரியா, சத்துக்குறைவு, ஆறாத கால்புண். 1946ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து காங்கிரஸ் மருத்துவக் குழு ஒன்று நம் மக்களுக்குச் சிகிச்சை செய்ய மலாயாவுக்கு வந்தது. ஜானகி அந்தக் குழுவோடு சேர்ந்து தொண்டாற்றினார். படையிலிருந்து திரும்பிய பெண்ணுக்கு வீட்டில் ஓய்ந்திருக்க உரிமை உண்டு. அவரோ துப்பாக்கி பிடித்த கையால் மருந்துக் குப்பியைப் பிடித்தார்.

அதே 1946ஆம் ஆண்டு ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜான் திவி. அவருக்குத் துணைநின்று அதை உருவாக்கியவர்களில் ஜானகியும் ஒருவர். இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவின் விடுதலைக்காக வீட்டை விட்டுப் புறப்பட்ட பெண், திரும்பி வந்ததும், "இனி நம் மக்கள் வாழப்போவது இந்த மண்ணில், இங்கே அவர்களுக்குக் குரல் வேண்டும்" என்னும் பணியிலே இறங்கினார். கப்பலேறித் திரும்பிப் போகும் கனவு ஒரு தலைமுறையின் கனவாக இருந்தது. இங்கேயே வேரூன்றி நிற்கும் உறுதி அடுத்த தலைமுறையின் கடமையாயிற்று. அந்த மாற்றத்தின் வாசலிலே நின்றவர்களில் ஜானகியும் ஒருவர். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றபோது, இரண்டு நாடுகளின் விடுதலைக்கும் உழைத்தவர் என்று சொல்லத்தக்க மிகச் சிலரில் அவர் ஒருவரானார்.

வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ஆதி நாகப்பன் அவர்களை அவர் மணந்தார். 1976ஆம் ஆண்டு கணவர் காலமானார். அதன் பின்னரும் அம்மையார் பொதுவாழ்விலிருந்து விலகவில்லை. நாடாளுமன்றத்தின் மேலவையில் செனட்டராகப் பணியாற்றினார். மேலவை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் இருப்பது மக்களவை. அங்கே நிறைவேறும் சட்டத்தை மீண்டும் ஆராயும் அவை மேலவை. அதன் உறுப்பினர்களில் சிலர் மாநிலங்களின் சட்டமன்றங்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். மற்றவர்கள் மாமன்னரால் நியமிக்கப்படுகிறவர்கள். தந்தையின் இசைவுக்காக ஒருகாலத்தில் காத்து நின்ற பெண், நாட்டின் சட்டங்களுக்கு இசைவு தரும் அவையிலே அமர்ந்தார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துப் பெருமைப்படுத்தியது.

அவர் ஒருவர் மட்டுமல்லர். கேப்டன் இலட்சுமி போருக்குப் பின் இந்தியாவிலுள்ள கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். 2012ஆம் ஆண்டு 97 வயதில் மறையும் வரையில் மக்கள் நலனே அவர் மூச்சாயிருந்தது. ஈப்போவில் 1927ஆம் ஆண்டு பிறந்து, பதினாறு வயதில் அதே படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், பிற்காலத்தில் ஆசிரியையானார். அந்நாளில் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தை நடத்தினாலும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். அதை எதிர்த்து 1960ஆம் ஆண்டு பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர் ராசம்மா. 1960களில் போராடிப் பெற்ற சமச் சம்பளத்தின் பயனை அரசு பள்ளிகளில் உள்ள பெண் ஆசிரியர்கள் பெறுகிறோம். மாதந்தோறும் என் சம்பளச் சீட்டைக் காணும்போது, பர்மாவுக்குப் போன பெண்களுக்கு நான் பட்ட கடன் என்று எண்ணிக்கொள்வேன். அவர்கள் போன போர் வெற்றி பெறவில்லைதான். ஆனால் அந்தப் போரிலே கற்ற நிமிர்வை அவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள். அது எங்கும் தோற்கவில்லை.

நேயர்களே, ஜானகி, இலட்சுமி, ராசம்மா ஆகியோரின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. படித்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், கேட்பதற்கு ஆள் உள்ளவர்கள். அவர்களோடு அதே சேற்றில் நடந்த தோட்டத்துப் பெண்கள் என்ன ஆனார்கள்? திரும்பி வந்து மறுநாளே பெரட்டுக்கு நின்றார்கள். பால்காட்டுக்குப் போனார்கள். திருமணம் செய்து, பிள்ளை பெற்று, வளர்த்து, மூப்படைந்து மறைந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் மலாக்காவின் லயங்களிலே நம் கண்முன்னே நடமாடினார்களோ? கையில் தடியூன்றி ஆயாக்கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த கிழவி, ஒருகாலத்தில் பர்மாக் காட்டைக் கடந்தவளாக இருந்திருக்கலாம். நாம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதை வருந்திப் பேசிவிட்டு விட்டுவிடக் கூடாது. இரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பல லயங்கள் இடிக்கப்பட்டன. நம் குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. லயம் போனால் போகட்டும். அதைவிட நல்ல வீடு கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் லயத்தோடு சேர்ந்து அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களும் போய்விடக் கூடாது. போர்க்காலத்தைக் கண்ணால் கண்டவர்களில் இன்று நம்மிடையே இருப்பவர் மிகச் சிலரே. அவர்களின் மக்களும் மருமக்களும் முதுமை எய்திவிட்டார்கள். அவர்களாவது கேட்டதைச் சொல்லக்கூடியவர்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் இருக்கும் அல்லவா? அதில் நான்கு ஏடு போதும். உங்கள் பாட்டியின் பெயர், அவருடைய தாயாரின் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், ஜப்பான்காரன் காலத்தில் என்ன உண்டார்கள், யாரை இழந்தார்கள், யார் எங்கே போனார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளைக்கு எழுதத் தெரியும். உங்களுக்குச் சொல்லத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் அதுவே வரலாறு. பிழையாக எழுதினாலும் பரவாயில்லை. பிழையைத் திருத்தலாம், எழுதாததை எப்படித் திருத்துவது?

2014ஆம் ஆண்டு அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கு அடுத்த வாரமே முழு விடையைச் சொன்னேன். "ஜானகி அம்மையார் நம் தோட்டத்து ஆள் இல்லையம்மா. ஆனால் அவருக்கு வலப்பக்கம் நடந்தவளும் இடப்பக்கம் நடந்தவளும் நம் தோட்டத்து ஆட்கள்தாம்" என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அவங்க பேரு என்ன டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. உங்களில் யாருடைய வீட்டிலாவது இருக்கக்கூடும். இன்றிரவு கேளுங்கள்.